முடிவுப் பட்டியலின் கடைசிப் பக்கம்: சின்னஞ்சிறு நாடுகள் ஒலிம்பிக்குக்கு அணி அனுப்புவது ஏன்?

கேள்வி: ஒலிம்பிக் தொடக்க விழாவில் சில நாடுகளின் கொடிக்குப் பின்னால் இரண்டு பேர், மூன்று பேர்தான் வருகிறார்கள். அவர்களில் பலர் தகுதி அளவை எட்டாதவர்கள் என்றும் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடுவார்கள் என்றும் படித்தேன். பிறகு எப்படி அவர்களுக்கு இடம் கிடைக்கிறது? பதக்கம் வராது என்று தெரிந்தே அந்த நாடுகள் ஏன் அணி அனுப்புகின்றன?

பதில்:

கேள்வியின் முதல் பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தவறான எண்ணங்கள் அதைச் சுற்றித்தான் அதிகம். "பணம் கட்டினால் போகலாம்", "யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம்" என்றெல்லாம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் உண்மையல்ல.

ஒலிம்பிக்குக்குள் நுழையப் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வழிகள்: விளையாட்டின் சர்வதேசக் கூட்டமைப்பு வகுத்த நேரத்தையோ தூரத்தையோ எட்டுவது, அல்லது தகுதிப் போட்டியிலோ தரவரிசையிலோ முன்னால் நிற்பது. இவை தவிர 'அனைவருக்குமான இடம்' என்று சொல்லத்தக்க மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. எல்லா விளையாட்டுகளிலும் இதன் விதி ஒன்றுபோல் இருப்பதில்லை. தடகளத்தில், தகுதி பெற்ற வீரர் ஒருவர்கூட இல்லாத நாடு தன் சிறந்த வீரரை அனுப்பலாம். ஆனால் அவர் விரும்பிய போட்டியில் எல்லாம் இறங்க முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 800 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றில் ஒன்றுக்கு மட்டுமே இந்த வழி திறந்திருந்தது. நீச்சலில் ஒரு நாட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண். அவர்களும் அதற்கு முன் உலக சாம்பியன்ஷிப்பில் நீந்தியிருக்க வேண்டும். வில்வித்தை, துப்பாக்கி சுடுதல், ஜூடோ, பாட்மின்டன் போன்றவற்றில் சில இடங்களைத் தனியாக ஒதுக்கிவைத்து, விண்ணப்பிக்கும் நாடுகளுக்குப் பகிர்ந்து தருகிறார்கள். முந்தைய இரண்டு ஒலிம்பிக்கிலும் தனிநபர் விளையாட்டுகளுக்குச் சராசரியாக எட்டுப் பேர் அல்லது அதற்கும் குறைவாக அனுப்பிய நாடுகளே அப்படி விண்ணப்பிக்க முடியும். அங்கேயும் வீரரின் தரம் பார்க்கப்படுகிறது.

100 மீட்டர் ஓட்டத்தில் இப்படி வருபவர்கள் நேராக முதல் சுற்றில் ஓடுவதும் இல்லை. தகுதி நேரம் இல்லாதவர்களுக்கென்று முதல் சுற்றுக்கும் முன்பாக ஓர் ஆரம்பச் சுற்று உண்டு. காலை நேரத்தில், தொலைக்காட்சிகள் பெரும்பாலும் வேறு எதையோ காட்டிக்கொண்டிருக்கும்போது அது நடந்து முடிந்துவிடும். அதில் முன்னால் வருபவர்களுக்கே பெரிய பெயர்களுக்கு அடுத்த பாதையில் ஓடும் வாய்ப்பு.

இந்த விதிகள் இவ்வளவு இறுகியதற்கு ஒரு கதை உண்டு. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஈக்குவடோரியல் கினியிலிருந்து எரிக் முசாம்பானி என்ற இளைஞர் வந்தார். நீச்சல் கற்கத் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. நாட்டில் 50 மீட்டர் குளம் கிடையாது. ஒரு ஹோட்டலின் சிறிய குளத்தில்தான் பயிற்சி. 100 மீட்டர் ஃபிரீஸ்டைல் தகுதிப் போட்டியில் அவருடன் நின்ற மற்ற இருவரும் தொடக்க ஒலிக்கு முன்பே குதித்துத் தகுதி இழந்தார்கள். பதினேழாயிரம் பேர் கூடியிருந்த அரங்கில் அவர் தனியாக நீந்தினார். கடைசி 25 மீட்டரில் கை நகர மறுத்தது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. நேரம்: 1 நிமிடம் 52.72 விநாடி. அதே குளத்தில் நெதர்லாந்தின் பீட்டர் வான் டென் ஹூகன்பாண்ட் 200 மீட்டரை 1 நிமிடம் 45.35 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றிருந்தார். இவருக்கு 100 மீட்டருக்கே அதைவிட அதிக நேரம் ஆனது.

உலகம் சிரித்தது, பிறகு கைதட்டியது, பிறகு மறந்தது. அவருடன் அதே நாட்டிலிருந்து வந்து 50 மீட்டர் நீந்திய பவுலா பாரிலா போலோபாவை மறக்கக்கூட ஆளில்லை. அவரைப் பற்றி முதலிலிருந்தே பேசியவர்கள் குறைவு. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. முசாம்பானி பயிற்சியை விடவில்லை. நான்கு ஆண்டுகளில் தன் நேரத்தை 57 விநாடிக்கும் கீழே கொண்டுவந்தார். சிட்னியில் எடுத்ததில் ஏறக்குறைய பாதி! ஆனால் விசாச் சிக்கலால் ஏதென்ஸுக்குப் போக முடியவில்லை. உலகம் பார்த்தது 2000ஆம் ஆண்டின் முசாம்பானியை மட்டுமே. உண்மையில் ஒரு நீச்சல்காரராக ஆகிவிட்ட முசாம்பானியை யாரும் பார்க்கவில்லை. பின்னாளில் அவர் தன் நாட்டு நீச்சல் அணியின் பயிற்சியாளர் ஆனார். இப்போது அந்த நாட்டில் 50 மீட்டர் குளங்கள் இருக்கின்றன.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு என் பதில் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. சின்ன நாட்டின் அணியை, வென்றவரோடு வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதே நாடு சென்ற முறை அனுப்பிய அணியோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

பூட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் லாஸ் ஏஞ்சலிஸில் முதன்முதலாகக் கலந்துகொண்டது. அணியில் ஆறு பேர், ஆறு பேரும் வில்லாளிகள். வில்வித்தைதான் அவர்களின் தேசிய விளையாட்டு. ஊர்த் திடலில் ஏறத்தாழ 145 மீட்டர் தள்ளி நடப்பட்ட சிறிய மரப்பலகையை நோக்கி எய்வார்கள். குறி பட்டால் பாட்டும் ஆட்டமும். ஒலிம்பிக்கில் தூரம் 70 மீட்டர்தான். பாதிக்கும் குறைவு, ஆகவே எளிது என்று தோன்றும். ஆனால் வில் வேறு, குறி வேறு, அம்பு போகும் வளைவு வேறு. ஆட்டமே மாறிவிடுகிறது. ஊர்த் திடலில் பெயர் பெற்றவர் ஒலிம்பிக் வில்லைக் கையில் எடுத்தால் அகர முதல் தொடங்க வேண்டும். இருபத்தெட்டு ஆண்டுகள், ஏழு ஒலிம்பிக், பூட்டான் வில்லாளிகளை மட்டுமே அனுப்பியது. 2012இல்தான் துப்பாக்கி சுடும் வீராங்கனை ஒருவர் சேர்ந்தார். டோக்கியோவுக்கு நீச்சல் வீரர் ஒருவரும் ஜூடோ வீரர் ஒருவரும் போனார்கள்.

அதே டோக்கியோவில் இன்னொன்றும் நடந்தது. கர்மா என்ற வில்லாளி, யாரும் ஒதுக்கிக் கொடுக்காத இடத்தை ஆசியத் தகுதிப் போட்டியில் தானே வென்று வந்தார். பூட்டானின் வரலாற்றில் அப்படி வந்த முதல் ஆள் அவர்தான். முதல் சுற்றில் இந்தியாவின் தீபிகா குமாரியிடம் 6-0 என்று தோற்றார். இந்தியச் செய்திகளில் அது 'தீபிகா எளிதில் வெற்றி' என்ற ஒற்றை வரி. பூட்டானிலிருந்து பார்த்தால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் முப்பத்தேழு ஆண்டுகள் இருக்கின்றன.

பாரிஸில் பூட்டான் மூன்று பேரை அனுப்பியது. அவர்களில் ஒருவர் மாரத்தான் ஓடிய கின்சாங் லாமோ, அந்நாட்டு இராணுவத்தைச் சேர்ந்தவர். இமயமலை உயரங்களில் ஐந்து நாள் ஓடும் 203 கிலோமீட்டர் ஸ்நோமேன் பந்தயத்தில் 2022ஆம் ஆண்டு இரண்டாவதாக வந்தவர். ஒலிம்பிக்கின் கடைசி நாளில், நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் 2 மணி 22 நிமிடம் 55 விநாடியில் ஒலிம்பிக் சாதனையுடன் எல்லையைத் தொட்டார். லாமோ வந்து சேர்ந்தது 3 மணி 52 நிமிடம் 59 விநாடியில். ஒன்றரை மணி நேரம் கழித்து, எண்பதாவதாக, கடைசியாக. கடைசிக் கிலோமீட்டர்களில் பாரிஸ் மக்கள் சாலையோரமாக அவருடன் சேர்ந்து ஓடினார்கள், சைக்கிளில் வந்தார்கள். அந்தக் காட்சியைத்தான் எல்லோரும் பகிர்ந்தார்கள். எனக்கு நினைவில் நிற்பது வேறு ஓர் எண். அன்று பந்தயத்தைத் தொடங்கியவர்களில் பதினொரு பேர் பாதியில் விலகிவிட்டார்கள். லாமோ விலகவில்லை. செங்குத்தான ஏற்றங்களுக்குப் பெயர் போன அந்தப் பாதையில் தன்னைவிட எவ்வளவோ வேகமானவர்களே நின்றுவிட்டபோது, அவர் எல்லைக்கோடு வரை வந்தார். அவருக்கு மலை புதிதல்ல.

இனி அணி என்ற அமைப்பைப் பற்றி. இது வெளியே அதிகம் பேசப்படாத விஷயம் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஒலிம்பிக்குக்கு அணியை அனுப்புவது அரசு அல்ல, தேசிய ஒலிம்பிக் குழு. இப்படி 206 குழுக்கள் உலகில் இருக்கின்றன. ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பினர்களைவிட (193) அதிகம். ஒரு நாடு குழு அமைத்து ஏற்பு பெற வேண்டுமானால், ஒலிம்பிக் விளையாட்டுகளில் குறைந்தது ஐந்துக்காவது, சர்வதேசக் கூட்டமைப்பில் இணைந்த தேசியச் சங்கங்கள் அங்கே இருக்க வேண்டும். பன்னிரண்டாயிரம் பேர் வாழும் தீவில் ஐந்து சங்கங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். தலைவர், செயலாளர், நடுவர், பயிற்சியாளர் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும். ஒரே மனிதர் காலையில் ஆசிரியர், மாலையில் பயிற்சியாளர், வார இறுதியில் சங்கச் செயலாளர் என்று வாழ்ந்தால்தான் இது நடக்கும்.

பசிபிக் தீவு நாடான நவூரு அப்படி ஓர் இடம். மொத்தப் பரப்பே 21 சதுர கிலோமீட்டர். அங்கே மார்க்கஸ் ஸ்டீபன் என்ற பளுதூக்கும் வீரர் 1990 ஆக்லாந்து காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் வென்றார். ஆனால் 1992 பார்சிலோனாவில் அவர் நவூருவுக்காகப் பங்கேற்க முடியவில்லை. நவூருவுக்கு ஒலிம்பிக் குழுவே இல்லை. சமோவாவின் கொடியின் கீழ் பளு தூக்கினார். 1994இல் நவூருவின் குழு ஏற்பு பெற்றது. 1996 அட்லாண்டாவில்தான் தன் சொந்தக் கொடியின் கீழ் மேடை ஏறினார். 2007இல் அவர் அந்த நாட்டின் ஜனாதிபதியே ஆனார். கொசோவோவின் ஜூடோ வீராங்கனை மைலிண்டா கெல்மெண்டிக்கும் இதே நிலைதான்: 2012 லண்டனில் அல்பேனியாவுக்காக இறங்கினார்; 2014இல் கொசோவோவின் குழு ஏற்பு பெற்ற பிறகு, 2016 ரியோவில் தன் நாட்டின் பெயராலேயே தங்கம் வென்றார். கொடி வெறும் துணி என்று நினைப்பவர்கள் இந்த இருவரிடம்தான் கேட்க வேண்டும்.

கொடி என்றதும் நினைவுக்கு வருகிறது: 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்கு வந்த பிறகுதான், தங்கள் கொடியும் ஹைட்டியின் கொடியும் ஒன்றுபோல் இருப்பதை லீக்டன்ஸ்டைன் நாட்டவர் கவனித்தார்கள். நீலமும் சிவப்புமாக இரண்டு பட்டைகள், அவ்வளவுதான். அடுத்த ஆண்டே லீக்டன்ஸ்டைன் தன் கொடியில் ஒரு கிரீடத்தைச் சேர்த்தது. இன்றும் அந்தக் கிரீடம் அங்கே இருக்கிறது. விளையாட்டுப் போட்டிக்குப் போனதால் ஒரு நாட்டின் கொடி மாறியது!

செலவு யார் செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அடுத்துக் கேட்பீர்கள். ஒலிம்பிக் கிராமத்தில் தங்குமிடமும் உணவும் வீரர்களுக்கு இலவசம். மருத்துவமனை போன்ற பாலிகிளினிக் ஒன்று உள்ளேயே இயங்கும். மருத்துவரை உடன் அழைத்துவர முடியாத அணிகளுக்கு அது பெரிய ஆறுதல்; பல் வலிக்கும் கண் பரிசோதனைக்கும்கூடப் பலர் அங்கேதான் போகிறார்கள். ஒளிபரப்பு உரிமையில் வரும் பணத்தின் ஒரு பகுதி 'ஒலிம்பிக் ஒருமைப்பாடு' என்ற திட்டத்தின் வழியாகத் தேசியக் குழுக்களுக்குப் போகிறது. 2021 முதல் 2024 வரையிலான நான்கு ஆண்டுகளுக்கு அதன் நிதி 590 மில்லியன் அமெரிக்க டாலர். வீரர் உதவித்தொகை, பயிற்சியாளர் படிப்பு, பயணச் செலவு எல்லாம் இதில் அடங்கும். சிறு நாடுகளின் விளையாட்டு மூச்சு விடுவது பெரும்பாலும் இந்தப் பணத்தால்தான்.

அதிகாரிகள் எத்தனை பேர் வரலாம் என்பது வீரர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பாரிஸில் பெலிஸ், லீக்டன்ஸ்டைன், நவூரு, சோமாலியா ஆகிய நான்கு நாடுகளிலிருந்து ஒரே ஒரு வீரர்தான் வந்தார். ஒரு வீரருக்கு உடன்வருபவர்கள் மிகச் சிலர். பெரிய நாட்டு அணியில் உடற்பயிற்சி நிபுணர், உணவு நிபுணர், உளவியலாளர், காணொளியைப் பகுத்துப் பார்ப்பவர் என்று ஒரு படையே இருக்கும். இங்கே அணிப் பொறுப்பாளரே அடையாள அட்டையும் வாங்க வேண்டும், கூட்டங்களுக்கும் போக வேண்டும், பஸ் நேரமும் பார்க்க வேண்டும். ஊக்கமருந்துச் சோதனை விதிகளோ எல்லோருக்கும் ஒன்று. அமெரிக்க வீரருக்கு என்ன கட்டுப்பாடோ, பசிபிக்கின் சின்னஞ்சிறு தீவு நாடான துவாலுவின் வீரருக்கும் அதே கட்டுப்பாடு. தனி அமைப்பு வைக்க வசதியில்லாத நாடுகள் பல சேர்ந்து வட்டார அளவில் ஒன்று வைத்திருக்கின்றன.

துவாலுவின் பயிற்சித் திடல் எது தெரியுமா? விமான ஓடுதளம். ஃபுனாஃபுட்டித் தீவில் அகலமான, சமதளமான வேறு இடம் இல்லை. வாரத்தில் சில விமானங்களே வந்து போகின்றன. மற்ற நேரத்தில் ஊரே மாலையில் அங்கேதான் கூடுகிறது. ஓட்டக்காரர்கள் அந்தத் தாரில்தான் ஓடுகிறார்கள். பாரிஸுக்குத் துவாலு அனுப்பிய இருவருமே 100 மீட்டர் ஓடினார்கள். எத்தனையோ விளையாட்டுகள் இருக்க இதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு அந்த ஓடுதளமே காரணம் சொல்லிவிடுகிறது. பசிபிக் தீவுகளில் பளுதூக்குதல் செழித்ததும் இப்படித்தான்: ஒரு கொட்டகை, ஒரு மேடை, ஒரு செட் தட்டுகள் போதும். கிரிபட்டியின் டேவிட் கடோவாடவ் அப்படி வளர்ந்தவர். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் வென்று நாட்டுக்கு முதல் பதக்கம் தந்தார். 2016 ரியோவில் அவர் பளு தூக்கிய பிறகு மேடையிலேயே ஆடிய ஆட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். கடல் மட்டம் உயர்ந்து தன் தீவுகள் மூழ்கிவருவதை உலகம் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே ஆடினார். எந்தப் பெரிய அரங்கிலும் கேட்காத ஒரு நாட்டின் குரல், அந்த ஒன்றரை நிமிடம் கேட்டது.

பதக்கம் வராது என்று சொன்னீர்கள். அதிலும் எனக்கு மறுப்பு உண்டு.

2024 ஆகஸ்ட் 3, பாரிஸ், ஸ்டாட் டி ஃபிரான்ஸ் அரங்கம். அன்று மாலை மும்முறைத் தாண்டலில் டொமினிக்காவின் தியா லஃபாண்ட் 15.02 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஏறக்குறைய எழுபதாயிரம் பேர் வாழும் நாடு. ஒலிம்பிக்கில் அதற்கு அதுவே முதல் பதக்கம். அதே மாலை, அதே அரங்கில், மழையில் நனைந்த தடத்தில் செயின்ட் லூசியாவின் ஜூலியன் ஆல்பிரட் 100 மீட்டரை 10.72 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். அந்த நாட்டுக்கும் அதுவே முதல் பதக்கம். கரீபியன் கடலில் இவ்விரு தீவுகளுக்கும் நடுவே ஒரே ஒரு தீவுதான் இருக்கிறது: மார்ட்டினிக், பிரான்சுக்குச் சொந்தமானது. அன்று பிரான்சின் தலைநகரில் அதன் இரண்டு பக்கத்து வீடுகளும் ஒரே இரவில் தங்கம் வாங்கின. இதைவிட அழகான ஒரு மாலையை ஒலிம்பிக் தடகளத்தில் நான் பார்த்ததில்லை.

லஃபாண்ட் ஒரே நாளில் வந்தவர் அல்லர். 2016 ரியோவில் தகுதிச் சுற்றோடு வெளியேறினார். டோக்கியோவில் இறுதிச் சுற்றுக்குப் போய் பன்னிரண்டாவதாக வந்தார். மூன்றாவது முறை தங்கம். ரியோவில் அவர் வெளியேறிய அன்று "இவரை எல்லாம் ஏன் அனுப்புகிறார்கள்" என்று யாராவது கேட்டு, டொமினிக்காவும் அதைக் காதில் வாங்கியிருந்தால்?

சான் மரினோவின் கதை இன்னும் நீளமானது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் தொடங்கி அறுபது ஆண்டுகள், ஒரு பதக்கமும் இல்லை. 2012 லண்டனில் அலெசாண்ட்ரா பெரில்லி 'டிராப்' துப்பாக்கிச் சுடுதலில் பதக்கத்துக்கான கூடுதல் சுற்று வரை போய், நான்காவது இடத்தில் நின்றார். ஒன்பது ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் அதே பெரில்லி வெண்கலம் வென்றார். இரண்டு நாள் கழித்து ஜான் மார்கோ பெர்ட்டியுடன் கலப்பு அணியில் வெள்ளி. அடுத்த வாரம் மல்யுத்தத்தில் மைல்ஸ் அமீன் இன்னொரு வெண்கலம். அனுப்பியது ஐந்து பேரை, வந்தது மூன்று பதக்கம். சுமார் முப்பத்து நாலாயிரம் மக்கள் கொண்ட அந்த நாடுதான், ஒலிம்பிக் பதக்கம் வென்ற நாடுகளில் மிகக் குறைந்த மக்கள் தொகை கொண்டது. அதே டோக்கியோவில் பெர்முடாவின் அணி இரண்டே பேர். அதில் ஒருவர், ஃபுளோரா டஃபி, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில் தங்கம் வென்றார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பதக்கங்களில் பல, அந்தச் சிறு நாடுகளுக்குள்ளேயே உருவானவை அல்ல. ஆல்பிரட் பதினான்கு வயதில் ஜமைக்காவுக்குப் போனார், பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழகம். லஃபாண்ட் ஐந்து வயதிலேயே அமெரிக்கா சென்றவர். அமீன் பிறந்ததே மிச்சிகனில். பயிற்சித் தடம், பயிற்சியாளர், உதவித்தொகை எல்லாம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுடையவை. இதனால் அந்தப் பதக்கங்களின் மதிப்பு குறையும் என்பது என் கருத்தல்ல. வேறு கொடியைத் தேடிப் போகக்கூடிய திறமை கொண்டவர்கள் இந்தக் கொடியையே பிடித்து நின்றார்கள். ஆனால் உள்ளூரிலேயே தடம் இல்லாமல், வெளியே போக வழியும் இல்லாமல் இருக்கும் அடுத்த பெண்ணுக்கு இந்தத் தங்கம் மட்டும் உதவாது. அவளுக்குத் தடம் வேண்டும், காலணி வேண்டும், ஆண்டுக்கு நான்கைந்து போட்டிகள் வேண்டும்.

அவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாமியா யூசுப் ஓமர் இருக்கிறார். சோமாலியா மக்கள் தொகையில் சிறிய நாடல்ல. ஆனால் 2008 பெய்ஜிங்குக்கு அது அனுப்பியது இரண்டே பேரை. பதினேழு வயதுச் சாமியா 200 மீட்டரை 32.16 விநாடியில் ஓடினார். அந்த ஓட்டத்தில் முதலில் வந்தவரைவிட ஒன்பது விநாடி பின்னால். அரங்கம் எழுந்து கைதட்டியது. விளையாட்டு முடிந்ததும் அவர் திரும்பிப் போனது போரில் சிதைந்த மொகடிஷுவுக்கு. அங்கே ஒரு பெண் ஓடுவதே ஆபத்து. பயிற்சியாளரைத் தேடி எத்தியோப்பியா போனார். பிறகு சூடான், லிபியா. லண்டன் ஒலிம்பிக் நடக்கவிருந்த 2012ஆம் ஆண்டில், ஐரோப்பாவுக்குப் படகில் போக முயன்று மத்தியதரைக் கடலில் இறந்துபோனார். ஒரு வாரம் கைதட்டிவிட்டு நான்கு ஆண்டுகள் திரும்பிப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கொடுமையானது என்று அவரை நினைக்கும்போதெல்லாம் தோன்றுகிறது. சிறு அணிகளின் மீது எனக்கு எவ்வளவு அன்பு உண்டோ, அவற்றை வைத்து நெகிழ்ச்சிக் காணொளி தயாரித்துவிட்டுப் போய்விடுகிறவர்கள் மீது அவ்வளவு கோபமும் உண்டு.

ஆகவே நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஒலிம்பிக்கை மட்டும் வைத்து இந்த அணிகளைப் பார்க்காதீர்கள். அவர்கள் ஒருவரோடொருவர் மோதி வளரும் களங்கள் வேறு இருக்கின்றன. ஐரோப்பாவில் மக்கள் தொகை பத்து லட்சத்துக்குக் குறைவான நாடுகளுக்கென்றே 1985இல் சான் மரினோவில் தொடங்கிய விளையாட்டு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. ஐஸ்லாந்து, மால்டா, அண்டோரா, மொனாக்கோ என்று ஒன்பது நாடுகள். பசிபிக் நாடுகளின் விளையாட்டு 1963இல் ஃபிஜியின் சுவா நகரில் தொடங்கியது. 2023இல் சாலமன் தீவுகளின் ஹோனியாராவில் நடந்தது. இங்கே துவாலு ஓட்டக்காரர் ஆறு பேரில் ஒருவராக, வெல்லும் வாய்ப்போடு ஓடுகிறார். தந்திரம் வகுப்பதும் பதற்றத்தைத் தாங்குவதும் கடைசி வளைவில் ஒருவரை முந்துவதும் இங்கேதான் கைவரும். பத்து மீட்டர் பின்தங்கி ஓடும் பந்தயத்தில் அதைக் கற்றுக்கொள்ள முடியாது. காமன்வெல்த் விளையாட்டும் சிறியவர்களுக்குத் தாராளமானது. 2018இல் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் நார்ஃபோக் தீவு புல்வெளிப் பந்து விளையாட்டில் கனடாவை வீழ்த்தி வெண்கலம் வென்றது. 2022இல் பசிபிக் தீவான நியுவே குத்துச்சண்டையில் தன் முதல் பதக்கத்தை எடுத்தது.

ஃபிஜியைச் சொல்லாமல் விட்டால் பசிபிக் ரசிகர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். அந்த நாட்டுக் குழந்தைகள் தேங்காயையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் பந்தாக்கி ரக்பி ஆடியவர்கள். 2016இல் எழுவர் ரக்பி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதும், ஃபிஜி இறுதிப் போட்டியில் பிரிட்டனை 43-7 என்று நொறுக்கித் தன் முதல் பதக்கத்தையே தங்கமாக வாங்கியது. அதன் நினைவாக அரசு ஏழு டாலர் நோட்டு ஒன்றை அச்சிட்டது. டோக்கியோவில் மறுபடி தங்கம். ஒரு சிறு நாட்டின் சொந்த விளையாட்டு ஒலிம்பிக்கில் இடம்பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே சாட்சி. எந்த விளையாட்டு உள்ளே, எது வெளியே என்று முடிவு செய்யும் மேசையில் இந்த நாடுகளுக்கு இன்னும் பலமான குரல் வேண்டும் என்று நான் நினைப்பதும் அதனால்தான்.

அடுத்த ஒலிம்பிக் 2028இல் லாஸ் ஏஞ்சலிஸில், பூட்டானின் ஆறு வில்லாளிகள் முதன்முதலில் வந்திறங்கிய அதே நகரில். 100 மீட்டர் ஆரம்பச் சுற்றைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். முடிந்ததும் முடிவுப் பட்டியலைத் திறந்து, இடத்தைக் குறிக்கும் எண்ணை விட்டுவிட்டு, நேரத்துக்கு அருகே சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 'பி.பி.' என்றிருந்தால் அவர் வாழ்நாளில் ஓடிய மிக வேகமான ஓட்டம் அது. 'என்.ஆர்.' என்றிருந்தால் அவர் நாட்டில் இதுவரை யாருமே அவ்வளவு வேகமாக ஓடியதில்லை.